கொக்கி மாட்டாத தொப்பி

முதன்முதலாக ரைஃபிள் வாங்க வருகிறவர்கள் ரைஃபிளைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். கூட வாங்க வேண்டிய சாமான்களுக்கு ஐந்து நிமிடம்கூடத் தர மாட்டார்கள். என்னைக் கேட்டால் அது தலைகீழ். எந்த ரைஃபிளும் விசையை அழுத்தினால் சுடும். கண்ணுக்கு என்ன தெரிகிறது, காதில் என்ன விழுகிறது, கை எதன்மேல் நிற்கிறது என்பதையெல்லாம் முடிவுசெய்வது அந்தச் சில்லறைச் சாமான்கள்தாம். கோல்டர் கிரீக் ஹார்டுவேர் கடையின் பின்பக்கம், துப்பாக்கிக் கவுண்டரில் நின்றுகொண்டு முப்பத்தோரு வருடமாக இதைத்தான் சொல்லிவருகிறேன். பாதிப் பேர் தலையாட்டிவிட்டு மலிவானதை எடுத்துக்கொண்டு போவார்கள்.

மேரன், நேற்று நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நோலனுடைய தொப்பியில் கொக்கி ஏன் மாட்டாமல் இருந்தது என்று கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்று காலை நீ இந்த மஞ்சள் தாள்களையும் பேனாவையும் காப்பியையும் வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாய். பன்னிரண்டு வயதில் உன்னை உன் அப்பா என் கவுண்டருக்குக் கூட்டிவந்தார். உனக்கு முதல் ரைஃபிள் எடுத்துக் கொடுத்தவன் நான். காதுக்கவசம் உன் தலைக்குப் பெரிதாக இருந்ததால் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். இப்போது நீ போலீஸ் என்றாலும் உன்னை டெபுடி என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, மன்னித்துக்கொள். கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வருவேன், அது என் பழக்கம்.

பிப்ரவரியில் டெஸ்ஸா கடைக்கு வந்தாள். அவள் என் மருமகள் என்பது உனக்குத் தெரியும். அரசு வழக்கறிஞர் படித்தால் அவருக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன். என் மகன் டேட் நாலு வருடம் முன்பு பனியில் வண்டி சறுக்கிச் செத்துப்போனான். அவன் விட்டுவிட்டுப் போனது டெஸ்ஸாவையும், அப்போது மூன்று வயதான ஜூனியையும், நாற்பது ஆடுகளையும். ஞாயிறுதோறும் அவர்கள் இரண்டு பேரும் என் வீட்டில் சாப்பிடுவார்கள். நான் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வேகவைப்பேன். ஜூனி காரட்டை மட்டும் பொறுக்கி என் தட்டில் போடுவாள். எனக்கு வாரம் என்றால் அதுதான். மற்ற ஆறு நாட்கள் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கிற நாட்கள்.

பிறகு நோலன் பெக் வந்தான். மேட்டில் காற்றாலை நட்டார்களே, அதில் ஏறி வேலைசெய்ய நெப்ராஸ்காவிலிருந்து வந்தவன். ஒன்றரை வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் என் மேசையில் நாலாவது தட்டு அவனுடையது. மரியாதையான ஆள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அந்த மரியாதையே பிடிக்கவில்லை. ஒன்றரை வருடமும் என்னை சார் என்றுதான் கூப்பிட்டான். எதிலும் தப்புச் செய்யாத ஆளை நான் நம்புவதில்லை. அவன் வண்டியில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. எப்போதும் பூட்டியே இருக்கும். சாவியைக் கழுத்தில் போட்டிருப்பான். போன் வந்தால் வெளியே போய்த்தான் பேசுவான். தண்ணீர்ப் பாட்டில், கையுறை, தொப்பி, எல்லாவற்றிலும் ஒரு சின்னக் கொக்கி. எதையும் சும்மா வைக்க மாட்டான், கொக்கியால் எதிலாவது மாட்டித்தான் வைப்பான். எண்பது மீட்டர் உயரத்திலிருந்து ஒரு ஸ்பேனர் விழுந்தால் கீழே நிற்கிறவன் செத்தான், அதனால் வந்த பழக்கம் என்று ஜூனிக்கு விளக்கினான். குழந்தை நம்பியது. இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிற ஆளுக்கு மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, சாப்பாட்டுக்கு நடுவே அவன் விஷயத்தைச் சொன்னான்.

"மே மாசத்தோட இங்க வேலை முடியுது, சார். நாங்க மூணு பேரும் நெப்ராஸ்கா போயிடலாம்னு இருக்கோம். எங்க அப்பாவுக்கு அங்க நிலம் இருக்கு, ஆடுகளையும் கொண்டுபோயிடலாம்."

நாங்க மூணு பேரும் என்றான். டெஸ்ஸா என் முகத்தைப் பார்க்காமல் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நல்லது, அங்கே குளிர் குறைவு என்று நான் சொன்னேன். அன்றைக்கு ஜூனி எனக்குத் தள்ளிவிட்ட காரட்டை எல்லாம் சாப்பிட்டேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

அதனால் பிப்ரவரியில் டெஸ்ஸா கவுண்டருக்கு வந்து ரைஃபிள் வேண்டும் என்றபோது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. போன வருடம் ஆடுகள் குட்டி போடும் காலத்தில் கயோட்டி நரிகள் ஏழு குட்டிகளை இழுத்துப் போயிருந்தன. இந்த வருடமும் விட்டுக்கொடுக்க முடியாது என்றாள். நோலனும் கூட வந்திருந்தான். காப்பி குடிக்க வரும் கிழங்கள் மூன்று பேர் வழக்கம்போல அடுப்பருகே உட்கார்ந்திருந்தார்கள்.

"டேட்டோட பழைய ரைஃபிள் உங்ககிட்டதான இருக்கு? அதுவே போதாதா?" என்று டெஸ்ஸா கேட்டாள்.

டேட்டுடையது ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுகிற வகை. நான் நியாயமாகவே பதில் சொன்னேன். நரி ஜோடியாக வரும்; ஒன்றைச் சுட்டுவிட்டு நீ கையை எடுத்து, தலையைத் தூக்கி, மறுபடி ஏற்றுவதற்குள் இரண்டாவது ஓடிவிடும். செமி ஆட்டோமேட்டிக் என்றால் கன்னத்தை எடுக்கவே வேண்டாம், கண் ஸ்கோப்பிலேயே இருக்கும், விரலை மட்டும் அசைத்தால் போதும். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எந்தக் கடையில் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

ஸ்கோப் எடுக்கும்போதுதான் நோலன் வாயைத் திறந்தான். நான் எடுத்து வைத்தது பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது. அவன் அட்டைப்பெட்டியை வாங்கி, பின்பக்கம் இருந்ததை எல்லாம் படித்தான்.

"நரி எழுபது, எண்பது கஜத்துலதான வரும், சார். இதுல பாத்தா அதோட மூக்கு மட்டும்தான தெரியும்?"

"மூக்குல சுட்டா மீதியும் செத்துடும், தம்பி" என்றேன்.

கிழங்கள் சிரித்தார்கள். நோலனும் சிரித்தான், ஆனால் பெட்டியைக் கீழே வைக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவன் சொன்னது சரி. ஆட்டுப்பட்டிக்கு அந்த ஸ்கோப் அதிகம். மூன்று மடங்கோ நாலு மடங்கோ இருந்தால் சுற்றி என்ன நடக்கிறது என்றும் தெரியும். பத்து மடங்கில் குறி மட்டும்தான் தெரியும், உலகத்தில் வேறு எதுவுமே இல்லை என்பதுபோல. புதிதாகச் சுடுகிறவர்களுக்கு அது ஒருவித அமைதி.

மணல் மூட்டை, தோள்வார், பத்துத் தோட்டா பிடிக்கும் மேகசின் இரண்டு. இவற்றில் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியாகக் காதுக்கவசம். நான் கொடுத்தது உயர்ந்த ரகம். வெடிச்சத்தத்தை அடைத்துவிட்டு, மனிதர் பேசுகிற குரலை மட்டும் உள்ளே விடும். அதற்கு இரண்டு சின்ன பேட்டரி வேண்டும். பேட்டரி இல்லாவிட்டால் அது வெறும் கனத்த மூடிதான், பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் கேட்காது. பேட்டரி மார்ச் கடைசியில்தான் வரும் என்றேன்.

"அதுவரைக்கும் இப்படியே பழகு, கண்ணு. முதல் தடவை அமைதியா இருந்தாத்தான் குறி நிக்கும்."

பேட்டரி டப்பா என் முழங்காலுக்கு நேராக, இழுப்பறையில் இருந்தது. ஒரு டப்பா முழுக்க இருந்தது.

நீ கேட்பாய், அப்போதே திட்டம் போட்டுவிட்டாயா என்று. இல்லை. ஸ்கோப் எடுத்தபோது என் மனதில் எந்த எண்ணமும் இல்லை என்று சத்தியம் செய்வேன். காதுக்கவசத்தின்போது இருந்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இவ்வளவு வருடம் கவுண்டரில் நின்றவனுக்குக் கை தானாகவே போய்ச் சரியான சாமானை எடுக்கும்.

அடுத்து தொப்பிக் கம்பம். உனக்குத் தெரிந்ததுதான். ஊருக்கு வெளியே நாம் சுட்டுப் பழகுகிற சரளைக்குழியில் நமக்கு மணி கிடையாது, சிவப்புக் கொடி கிடையாது, மேற்பார்வை பார்க்க ஆளும் கிடையாது. பெஞ்சுக்குப் பக்கத்தில் ஆணி அடித்த ஒரு கம்பம் மட்டும். குறிப்பலகைப் பக்கம் போகிறவன் தன் தொப்பியை அதில் மாட்டிவிட்டுப் போவான். கம்பத்தில் தொப்பி இருக்கிறவரை யாரும் ரைஃபிளைத் தொட மாட்டார்கள். திரும்பி வந்து, மாட்டியவனே எடுக்க வேண்டும். அடுத்தவன் தொப்பியில் கை வைக்கக் கூடாது. ஒரு தடவை பீட் ரூடி தொப்பியை மறந்து வீட்டுக்குப் போய்விட்டான். நாங்கள் மூன்று பேர் இரண்டு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, பதினாலு மைல் போய் அவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவந்து எடுக்கவைத்தோம். அவன் மாட்டுச்சாணம் ஒட்டிய பூட்ஸோடு வந்து எடுத்தான். இன்றைக்கும் அவனை அதற்குக் கேலி செய்வோம். ஆனால் எங்களில் ஒருவருக்கும் அந்தத் தொப்பியை நாமே எடுத்தால் என்ன என்று தோன்றவில்லை. நமக்கெல்லாம் அது ஊறிப்போன ஒன்று. அதனால்தான் மார்ச் மாதம் நடந்ததில் ஒருவருக்கும் என்மேல் சந்தேகம் வரவில்லை. ஒரு பெண் கம்பத்தைப் பார்க்காமல் சுட்டுவிட்டாள் என்றால் நம்புவார்கள். யாரோ தொப்பியை எடுத்தார்கள் என்பது நம் ஊரில் யார் தலைக்குள்ளும் நுழையாது. உன்னைத் தவிர.

மார்ச் இரண்டாவது சனிக்கிழமை என்று நான்தான் நாள் குறித்தேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மாநிலக் கூடைப்பந்துப் போட்டி. ஊரில் நடக்க முடிந்த எல்லோரும் பஸ்ஸுக்குப் பின்னால் போயிருந்தார்கள். கடையைச் சாத்திவிட்டேன். ஜூனியையும் அவள் தோழி வீட்டாரோடு போட்டிக்கு அனுப்பிவிட்டோம். டெஸ்ஸாவை ஆளில்லாத நேரத்தில் பழக்கினால் கூச்சம் இருக்காது என்று சொன்னேன், அவளும் சந்தோஷப்பட்டாள்.

காலை பத்து மணி. நல்ல காற்று. நூறு கஜத்தில் ஒட்டுப்பலகையை நிறுத்தி அதில் தாள் ஒட்டினோம். பலகை ஆள் உயரம், கதவு அகலம். பின்னால் கற்களை அண்டக்கொடுத்திருந்தோம். டெஸ்ஸா முதல் பத்துத் தோட்டாவைச் சுட்டாள். நன்றாகவே சுட்டாள், தாளுக்குள்ளேயே எல்லாம் விழுந்தன. தோளைத் தடவிக்கொண்டு சிரித்தாள். டேட் செத்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு குளிருக்கு ஒண்ணுக்கு வருகிறது என்று, மரங்களுக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறைக்குப் போனாள்.

காற்றில் பலகை ஆடிக்கொண்டிருந்தது. விழுந்துவிடும்போல இருக்கிறதே என்று நோலனிடம் சொன்னேன். நான் போய்ச் சரிசெய்கிறேன் சார் என்று அவனே எழுந்தான். நான்தான் அவனுக்குக் கம்பத்தைக் காட்டிக்கொடுத்தேன்.

"தொப்பிய மாட்டிட்டுப் போ. அது இருக்கிறவரைக்கும் இந்த ஊர்ல உன்மேல ஒரு தோட்டாவும் வராது."

அவன் ஆரஞ்சுத் தொப்பியை ஆணியில் மாட்டி, காற்றில் பறக்காமல் பின்பட்டையில் இருந்த கொக்கியையும் ஆணியில் கோத்தான். கோத்துவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். பிறகு காதுகள் சிவக்க, கையைக் கோட்டுப்பையில் விட்டுக்கொண்டு நடந்துபோனான். பலகைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து கற்களை அடுக்க ஆரம்பித்தான். உட்கார்ந்த பிறகு பெஞ்சிலிருந்து பார்த்தால் ஆள் தெரியவில்லை.

நான் தொப்பியைக் கழற்றினேன். குளிரில் விரல் மரத்திருந்ததால் கொக்கியை எடுக்கக் கொஞ்சம் சிரமப்பட்டேன். தொப்பியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு என் வண்டிக்குப் போய், கருவிப்பெட்டியில் எதையோ தேடுகிறவன்போலக் குனிந்து நின்றேன்.

டெஸ்ஸா வந்தாள். நோலனின் வண்டி நின்ற இடத்திலேயே ஹீட்டரோடு ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடிகள் ஆவி படிந்து வெளுத்திருந்தன. அவன் உள்ளே உட்கார்ந்து குளிர் காய்கிறான் என்று நினைத்திருப்பாள். காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். உட்கார்ந்தாள். சுடு என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சுடாதே என்றும் சொல்லவில்லை.

முதல் தோட்டா பலகையைத் துளைத்ததும் நோலன் கத்தினான். என் பெயரைச் சொல்லிக் கத்தினான். சார் என்று இல்லை, வெர்லின் என்று. ஒன்றரை வருடத்தில் அதுதான் முதல் தடவை. எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை. டேட்டின் பழைய ரைஃபிளாக இருந்திருந்தால் அடுத்த தோட்டாவுக்கு அவள் தலையைத் தூக்கியிருப்பாள், பலகையின் ஓரத்தில் ஒரு கை ஆடுவதைப் பார்த்திருப்பாள். அந்த ஸ்கோப்பில் தாள் மட்டும்தான் தெரியும். இன்னும் இரண்டு தடவை விரலை அசைத்தாள்.

அவள் மேகசினை முடிக்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. கம்பத்துக்கு நடந்து வந்து, தொப்பியை ஆணியில் மாட்டினேன். நாம் எல்லோரும் மாட்டுகிற மாதிரி, சும்மா மாட்டினேன். பிறகு அவள் தோளைத் தொட்டேன். காதுக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்த முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"டெஸ்ஸா, கம்பத்தைப் பாரு" என்றேன்.

அவள் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

நீ வந்தபோது நான் சொன்னது உன் நோட்டில் இருக்கும். வண்டியில் குனிந்திருந்தேன், வெடிச்சத்தம் கேட்டு நிமிர்ந்தேன், தொப்பி கம்பத்தில் இருந்தது. டெஸ்ஸா தான் கம்பத்தைப் பார்த்ததாகவும் தொப்பி இல்லை என்றும் சொல்லிக்கொண்டே இருந்தாள். பாவம், மனம் அப்படித்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். முதல் மாதம் பார்த்தேன் என்று சொன்னாள். இரண்டாவது மாதம் பார்த்த மாதிரி இருக்கிறது என்றாள். இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை.

தனியாக விட முடியுமா? அவளையும் ஜூனியையும் என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். டேட்டின் அறையில் இருவரும் இருக்கிறார்கள். ஆடுகளை விற்றாயிற்று. ஐந்து மாதமாக ஒவ்வொரு நாளும் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான், மேரன். மூன்று தட்டு. காரட்டு விஷயம் மட்டும் மாறிவிட்டது. ஜூனி இப்போது எதையும் தள்ளிவிடுவதில்லை, வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். வளர்கிற பிள்ளை, பழக்கங்கள் மாறத்தான் செய்யும். வீட்டிலிருந்த தொப்பிகளையெல்லாம் அவள் எடுத்து எங்கோ ஒளித்துவைத்துவிட்டாள். வெயிலில் நான் வெறுந்தலையோடு போய்வருகிறேன், பரவாயில்லை.

ஏப்ரல் மாதம் ஒரு நாள் காலையில், டெஸ்ஸா குளித்துக்கொண்டிருந்தபோது, ஜூனி சமையலறைக்கு வந்து என் எதிரில் நின்றாள்.

"தாத்தா, அம்மா கம்பத்தைப் பாத்தேன்னு சொல்றா. பாத்தாளா?"

"இல்லடா கண்ணு. பாக்கல."

"நீ அங்கதான இருந்த?"

"இருந்தேன். அதனாலதான் சொல்றேன்."

ஏழு வயதுக் குழந்தையிடம் அப்படிச் சொல்லலாமா என்று நீ கேட்கலாம். ஆனால் அம்மா சொல்வது ஒன்று, தாத்தா சொல்வது ஒன்று என்று குழந்தை இரண்டுக்கும் நடுவே நின்றால் அது யாரை நம்பும்? வீட்டுக்கு ஒரு பேச்சு போதும். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அம்மா பக்கத்தில் படுப்பதில்லை, கூடத்துச் சோபாவில் படுக்கிறாள்.

நோலனின் சாம்பல் பெட்டியை நீதான் திறந்தாய். ஏதாவது இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன், அதையும் ஒளிக்கவில்லை. வேறு ஊரில் ஒரு மனைவி, போலீஸ் காகிதம், ஏதோ ஒன்று. உள்ளே இருந்தவை உயரத்தில் கட்டிக்கொள்கிற கயிறுகள், ஒவ்வொன்றிலும் பரிசோதித்த தேதி எழுதிய சீட்டு. அப்புறம் ஜூனி அளவுக்கு ஒரு சின்னக் காதுக்கவசம். அப்புறம் இரண்டு பேட்டரி அடங்கிய ஒரு அட்டை, அதன்மேல் பேனாவால் 'டெஸ்ஸா' என்று எழுதியிருந்தது. முந்தின நாள் நூறு மைல் தள்ளிப் போய் வாங்கியிருக்கிறான், ரசீதும் இருந்தது. முதல் சுற்றுக்குப் பிறகு போட்டுக் கொடுக்க நினைத்தானோ என்னவோ. பார், என் வார்த்தையை அவன் நம்பவில்லை. மார்ச் கடைசியில் வரும் என்று ஒரு பெரிய மனிதன் சொன்னால் காத்திருக்க வேண்டியதுதானே? அவன் ஆரம்பத்திலிருந்தே என்னைச் சந்தேகப்பட்டான். அப்படிப்பட்ட ஆளோடு ஒரு குடும்பம் எப்படி நிம்மதியாக இருக்கும்?

நீ ஐந்து மாதம் கழித்துக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தக் காற்றில் ஒரு தொப்பியைக் கொக்கி மாட்டாமல் விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை நோலன் என்று டெஸ்ஸா உன்னிடம் சொல்லியிருக்கிறாள். அன்று நீ கம்பத்தை எடுத்த படத்தில் கொக்கி வெறுமனே தொங்குகிறது. ஏன்? கொக்கியை அவன் மாட்டினான். நான்தான் மறுபடி மாட்டவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. வாழ்நாள் முழுக்க நான் தொப்பியைச் சும்மாதான் மாட்டியிருக்கிறேன். நம் ஊரில் ஒரு தொப்பியும் திருடு போனதில்லை.

வியாழக்கிழமை டெஸ்ஸா நீதிபதி முன்னால் நிற்கப்போகிறாள். கவனக்குறைவால் உயிர் போக்கினேன் என்று ஒத்துக்கொள்ளப்போகிறாள். வழக்கறிஞர் வேண்டாம் என்கிறாள். சிறைக்கு அனுப்பினால் போகிறேன், ஜூனியைத் தாத்தா பார்த்துக்கொள்வார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறாள். அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மேலே ஒரு இடத்தில் வண்டியில் குனிந்து நின்றேன் என்று எழுதியிருக்கிறேன். குனிந்துதான் நின்றேன். ஆனால் என் வண்டியின் பக்கக் கண்ணாடியில் பெஞ்சும் கம்பமும் தெரியும். டெஸ்ஸா மரங்களுக்குள்ளிருந்து வந்ததும் முதலில் கம்பத்தைப் பார்த்தாள். ரைஃபிளைத் தொடவில்லை. ஆவி படிந்த வண்டியைப் பார்த்துக் கையாட்டினாள். பதில் வராததால் மறுபடி கம்பத்துக்கே போய், எல்லா ஆணிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாம் யாரும் அவ்வளவு பார்ப்பதில்லை. அதற்குப் பிறகுதான் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். நோலன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பான், எதையும் இரண்டு தடவை பார் என்று. இரண்டு தடவை பார்த்தாள், மேரன்.

ஆகவே நோலன் பெக்கைக் கொன்றவன் நான், வெர்லின் ஹாகன், வயது அறுபத்தாறு. யாரும் வற்புறுத்தாமல் எழுதுகிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், எதிர்த்துப் பேச மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. உன் அப்பாவை எனக்குத் தெரியும், உன்னைக் குழந்தையிலிருந்து தெரியும், அந்த உரிமையில் கேட்கிறேன். இந்தத் தாள்களை டெஸ்ஸாவிடம் மட்டும் காட்டாதே. கம்பத்தைப் பார்க்கவில்லை என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும். பார்த்தது தெரிந்தால் ஜூனியைக் கூட்டிக்கொண்டு என் வீட்டை விட்டுப் போய்விடுவாள்.